வேட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

உங்களில் சிலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கலாம். 1986 முதல் முப்பது வருஷம் காவிரிக் கரையில் ராத்திரி ரத்தம் எடுத்தவன் நான். எட்டரை மணிக்குச் சைக்கிளை எடுத்தால் முதலில் தெரு நாய்கள் வரவேற்கும். அப்புறம் நீங்கள், பாதித் தூக்கத்தில் கைலியை இறுக்கிக்கொண்டு, "பகல்ல வந்தா ஆகாதாய்யா?" என்று கேட்டபடி வருவீர்கள். பகலில் வந்து பிரயோஜனம் இல்லை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் தோலடி ரத்தத்துக்குத் திரளாக வரும். சாக்கடைக் கொசு கடிக்க வரும் நேரமும் அதுதான். கொசுவுக்கும் புழுவுக்கும் அப்படி ஒரு பேச்சுவார்த்தை. விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் 20 கன மில்லிமீட்டர் ரத்தம், அடுத்த வீடு.

இந்த மடல் ஊருக்கெல்லாம் எழுதியது இல்லை. விரை வீக்கத்தை வேட்டிக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியிடம்கூட வாய் திறக்காமல் காலம் தள்ளுகிறீர்களே, உங்களுக்கு. கூடவே, எந்த வீக்கமும் இல்லாமல், கொடுத்த மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டதும் போட்டுக்கிறேன் சார்" என்று கதவைச் சாத்தியவர்களுக்கும்.

யார் யாருக்கு வீக்கம் என்று கணக்கெடுக்க நான் வேட்டியை அவிழ்க்கச் சொன்னது கிடையாது. நடையைப் பார்த்தே தெரிந்துவிடும். பேன்ட் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள் திடீரென்று வேட்டிக்கு மாறுவார். சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிடுவார். ஆற்றில் குளித்தவர் கொல்லைப்புறத்தில் குளிப்பார். கடை கல்லாவில் உட்கார்ந்தால் மடியில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கீழே உட்காரச் சொன்னால் "முட்டி வலி" என்பார். முட்டிக்கு ஒன்றும் இருக்காது.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் தப்பு பெயரிலேயே இருக்கிறது. தமிழில் இந்த நோய்க்குக் காலை வைத்துப் பெயர் வைத்துவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்தப் புழுவால் கை கால் வீங்கியவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். விரை வீங்கிய ஆண்கள் இரண்டரைக் கோடிப் பேர். காலைவிட அது அதிகம். ஆனால் "யானைக்கால்" என்றதும் நாம் எல்லாரும் காலைத்தான் பார்க்கிறோம். விரை வீக்கம் வந்தவருக்கோ அது ஓதம், உஷ்ணம், பாரம் தூக்கியது, பரம்பரை. புழு என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டாவது தப்பு எங்களுடையது. நாங்கள் சுவரில் ஒட்டிய படங்களை நினைத்துப் பாருங்கள். மரத்தூண் மாதிரி ஒரு கால், மடிப்பு மடிப்பாகத் தோல், பக்கத்தில் "மாத்திரை சாப்பிடுவீர், யானைக்காலைத் தவிர்ப்பீர்" என்று ஒரு வரி. நானே பசை வாளியோடு எத்தனை சுவரில் ஒட்டியிருப்பேன்! அந்தப் படத்தைப் பார்த்தவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். கால் நன்றாக இருந்தது. "நமக்கில்லை" என்று போய்விட்டான். பயமுறுத்தப் போட்ட படம் அவனுக்குத் தைரியம் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்தச் சுவரில் வேறொரு படத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரை நகரம். நம் ஊர் மாதிரியே வெயில், சாக்கடை, கொசு, யானைக்கால். அங்கே ஜெரூசா ட்ரேயர் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ரத்தத்தில் புழுக்குஞ்சு இருந்தும் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆண்களைப் படுக்க வைத்து, விரைப்பையின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நிணநீர் ஓடும் குழாய் திரையில் கருப்பாக, இருக்க வேண்டியதைவிட அகலமாகத் தெரிந்தது. அதற்குள் வெள்ளை இழைகள் சில நெளிந்துகொண்டிருந்தன. ரத்தக் குழாய் துடிப்பதில் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளமே இல்லை. இப்படியும் அப்படியும், நிற்காமல், முறுக்கி, அவிழ்ந்து. உயிரோடு இருக்கிற பெரிய புழுக்கள். 1994இல் இதை வெளியிட்டார்கள். அந்த அசைவுக்கு மருத்துவ உலகம் வைத்த பெயர் "ஃபைலேரியா நடனம்".

அதற்கு முன்னால் உயிருள்ள மனிதனுக்குள் தாய்ப்புழுவை அசைய அசையப் பார்க்க வழி இருக்கவில்லை. குஞ்சைப் பார்த்தது பழைய கதை. கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் 1872இலேயே மனித ரத்தத்தில் பார்த்துவிட்டார். ஆனால் தாய்ப்புழு எங்கே குடியிருக்கிறது, மருந்து போட்டால் சாகிறதா என்பதற்கெல்லாம் அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த சதையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பெண் புழு நூல் மாதிரி. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதை ஒரு ஊசியும் இல்லாமல், வலியும் இல்லாமல் பார்த்தார்கள். அந்த ஆய்வுகளில் புழுக்குஞ்சு இருந்த ஆண்களில் பெரும்பாலானவர்களிடம் இந்தப் புழுக்கள் நெளியும் கூடு தெரிந்தது. மாதக்கணக்கில் கழித்து வந்து பார்த்தாலும் அதே இடத்தில் அதே கூடு. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர், காலி செய்கிற எண்ணமே இல்லை. ஐந்தாறு வருஷம் சாதாரணமாக வாழும்.

சென்னையிலும் இதைச் செய்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாதவர்களிடம் அல்ட்ராசவுண்ட் மூலம் யானைக்கால் புழுவைக் கண்டுபிடிப்பது பற்றி நம் சென்னை மருத்துவர்களின் கட்டுரை 1997இல் வந்தது. ஆலப்புழையில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடும். அங்கே வேறொரு ஜாதிப் புழு, பிரூஜியா. மூன்று வயதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளைச் சோதித்தார்கள். வெளியே ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குள் நிணநீர்க் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருந்தன, புழுக்கூடும் திரையில் தெரிந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கிற அதே அளவு மருந்தைக் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பாதிப்பு பல பிள்ளைகளிடம் சரியாகிக்கொண்டு வந்தது. முப்பது வயதில் வெளியே தெரிகிற கால், ஐந்து வயதில் உள்ளே ஆரம்பித்தது என்றால், யாருக்காக அந்த மாத்திரை? கால் வீங்கியவனுக்கா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்களைக் கூப்பிடுவது நியாயம் இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சாயங்காலமானால் இடது பக்கம் ஒரு கனம். வீக்கம் என்று சொல்ல முடியாது, வலியும் இல்லை. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது மட்டும் அது இருப்பது தெரியும். ஊருக்கே ரத்தம் எடுக்கிறவன் தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்லைடில் ஒன்றும் இல்லை. நிம்மதியாக மூன்று வருஷம் மறைத்தேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்காரும் வித்தை உங்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை. கடைசியில் 1999இல் வேறு வேலையாகச் சென்னைக்குப் போனபோது, நம்மை அடையாளம் தெரியாத ஊர் என்ற ஒரே தைரியத்தில், ஒரு ஸ்கேன் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

காத்திருக்கும் இடம் முழுக்க வயிற்றைத் தாங்கிப் பிடித்த கர்ப்பிணிப் பெண்கள். சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது தண்டனைக்குரிய குற்றம் என்ற போர்டு. (அந்தச் சட்டம் வந்ததும் 1994தான், ரெசிஃபே கட்டுரை வந்த அதே வருஷம்.) நடுவில் நான் ஒரு ஆம்பிளை. "யாருக்குங்க ஸ்கேன், உங்க வீட்டம்மா வரலையா?" என்று பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி கேட்டார். ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்து போயிருப்பேன். பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. ஜெல் தடவினார், கருவியை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை என் பக்கம் திருப்பினார். "எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்றார். சொன்னேன். சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார் என்று நினைக்கிறேன். கருப்புக் குழாய்க்குள் மூன்று நான்கு வெள்ளை இழைகள் சமையல் பாத்திரத்தில் கொதிக்கிற சேமியா மாதிரி புரண்டுகொண்டிருந்தன. பதிமூன்று வருஷம் பிணம் மாதிரி சாயம் ஏற்றிய குஞ்சுகளையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன், அப்போதுதான் அவற்றின் தாயைப் பார்த்தேன். என் உடம்பில். அன்றைக்கு ரயிலில் வரும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் இருந்தது. இந்தப் படத்தை அல்லவா சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்?

பன்னிரண்டு நாள் டிஇசி என்ற யானைக்கால் மாத்திரை சாப்பிட்டேன். சில நாளில் அந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது, கொஞ்சம் வலித்தது. பயந்துபோய் மறுபடி ஓடினேன். திரையில் அந்த இடத்தில் அசைவே இல்லை. புழு செத்த இடத்தில் உடம்பு இப்படி முடிச்சுப் போடும் என்பதையும் ரெசிஃபே ஆட்கள் திரையில் பின்தொடர்ந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாப் புழுவும் ஒரே தவணையில் செத்துவிடாது. டிஇசி குஞ்சுகளை நன்றாக ஒழிக்கும், தாய்ப்புழுவில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்து குஞ்சுகளை ஒழித்தாலும், திரையில் பார்த்தால் தாய்ப்புழுவின் ஆட்டம் நிற்பதில்லை. எந்த மருந்து எதைக் கொல்கிறது என்ற இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டியதும் அதே ஸ்கேன்தான். ஒரு தடவை மாத்திரையோடு விடாமல் வருஷா வருஷம் உங்கள் வாசலில் வந்து நின்றதற்குக் காரணமும் இதுதான். எங்களுக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை.

மாத்திரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வாசலில் நாங்கள் கொடுத்தது, பெரியவர்களுக்கு டிஇசி மூன்று, அல்பெண்டசோல் ஒன்று. "சாப்பிட்டவனுக்குத் தலை சுத்துது, காய்ச்சல் வருது" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். பொய் இல்லை, சிலருக்கு வரும். ரத்தத்தில் இருக்கிற குஞ்சுகள் ஒரே நேரத்தில் சாகும்போது உடம்பு கொஞ்சம் கொதிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குஞ்சு இல்லாதவனுக்கு இந்தத் தொந்தரவு வருவது அபூர்வம். அதாவது, தலை சுற்றியது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், மருந்து சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறது. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கடும் நோயில் கிடப்பவர்கள் தவிர மற்றவர்கள் விழுங்க வேண்டியதுதான். எங்கள் பதிவேட்டில் "வழங்கப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. கையில் கொடுத்தது வேறு, வயிற்றுக்குள் போனது வேறு என்பது எழுதின எனக்கும் தெரியும், வாங்கின உங்களுக்கும் தெரியும்.

சாபம், பாவம் என்று இந்த நோயைச் சொல்வது புதிதில்லை. மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வாரிசுகளுக்குத்தான் கால் இப்படி வீங்குகிறது என்ற ஒரு கதையைப் பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தியாவுக்கு வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதி வைத்திருக்கிறார். நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், "அவங்க குடும்பத்துல அது இருக்கு" என்று ஜாதகம் திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது யாருக்கு நடந்தது தெரியுமா? பெண்களுக்கு. உங்களுக்கு வேட்டி இருக்கிறது. காலில் வந்த பெண்ணுக்குப் புடவை கணுக்கால் வரைக்கும்தான். அவளுக்கு ஸ்கேனும் பெரிதாக உதவாது. பெண்களிடம் மார்பில் எப்போதாவது தெரியும், மற்றபடி புழுக்கூடு கண்ணுக்கு அகப்படுவது குறைவு. புழுவைச் சுலபமாகப் பார்க்க உடம்பில் ஒரு ஜன்னல் என்றால் அது ஆண்களிடம்தான் இருக்கிறது. வெட்கப்பட்டு நாம் சாத்தி வைத்திருப்பதும் அதே ஜன்னலைத்தான். உங்கள் ரத்தத்திலிருந்து கொசு எடுத்துப் போகிற குஞ்சு எந்த வீட்டுப் பெண்ணின் காலுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கடியில் வந்துவிடுகிற நோய் இல்லை இது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடி வாங்க வேண்டும். அப்படிக் கடி வாங்குகிறவர்கள் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும்தான் படுத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே காலில் வந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு விஷயம். குளிரும் காய்ச்சலும் வந்து நெறி கட்டும்போது புழு கடிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது விரலிடுக்குப் புண் வழியாக நுழைந்த கிருமியின் வேலை. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தி, படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தால் அந்தக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். ட்ரேயர் அம்மையார் இதையும் வலியுறுத்தியவர்தான். ஸ்கேன் கருவியோடு கழுவுகிற குவளையையும் சேர்த்துப் பிடித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இப்போது விரை வீக்கத்துக்கு வருவோம். அங்கே வீங்குவதெல்லாம் புழு இல்லை. குடலிறக்கமாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், வலியில்லாமல் கெட்டியாக வளர்கிற கட்டியாகவும் இருக்கலாம். அது இளவயதில்தான் அதிகம் வரும், தள்ளிப்போடக் கூடாது. இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஸ்கேனுக்குச் சில நிமிஷம் போதும். திடீரென்று உயிர் போகிற வலி வந்தால் மட்டும் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் பெரியாஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ராத்திரி என்றாலும். நீர் கோத்த வீக்கம்தான் என்றால், ஊசி குத்தி நீரை எடுத்துவிடுகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். மறுபடி கோக்கும், சீழும் பிடிக்கலாம். சின்ன அறுவைச் சிகிச்சைதான் அதற்கு வழி, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்கிறார்கள். வீக்கம் பெரிதான பிறகு திரையில் புழு நடமாடாமலும் போகலாம். புழு போய்விட்டாலும் அது வைத்துவிட்டுப் போன நீர் போகாது.

இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. பங்களாதேஷ் 2023இல் அந்த வரிசைக்குப் போனது. நம் நாடு 2027 என்று நாள் குறித்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஊர் ஊராக மாத்திரை கொடுத்த காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ராத்திரியில் இனி யாரும் வந்து உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. அதனால்தான் கடிதமாக வருகிறேன்.

எங்கே போவது என்று கேட்டால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சீட்டுப் போட்டு, "விரை வீக்கம், ஸ்கேன் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தைதான் கஷ்டம். மனைவியைக் கூட்டிப் போனால் நல்லது. அவருக்கு எப்போதோ தெரியும், என் வீட்டிலும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கு நடுவில் உட்கார வேண்டி வரும், ஒரு பாட்டி ஏதாவது கேட்பார், "எனக்குத்தான் பாட்டி" என்று சொல்லிவிடுங்கள். யானைக்கால் இருந்த ஊர்க்காரன் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள். பார்த்துப் பழக்கமில்லாத கண்ணுக்கு அந்த நெளிவு தப்பிவிடும், கருவியை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். பேன்ட் வேண்டாம், கைலியோ வேட்டியோ கட்டிக்கொண்டு போங்கள். ஜெல் முதலில் சில்லென்று இருக்கும். துடைத்துக்கொள்ள அந்தத் துண்டையே எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ராத்திரி ரத்தக்காரன்